வேலை கிடைத்ததால் வந்த கடன்

வேலையில்லாத காலத்தில் அரசு கொடுத்த உதவித்தொகையை, வேலை கிடைத்த பிறகு திருப்பிக் கட்ட வேண்டுமா? சென்ற வாரம் பார்த்த கனடாவில் இதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. ஆண்டு வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால், வாங்கியதில் அதிகபட்சம் 30 சதவீதத்தை வரிக் கணக்கோடு சேர்த்துக் கட்ட வேண்டும். முதல்முறை வாங்குகிறவர்களுக்கு அதுவும் இல்லை. பிடிக்கிறதோ இல்லையோ, முன்கூட்டியே தெரிந்த விதி. ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு விதியே கிடையாது. ஆனால் அங்கேதான் லட்சக்கணக்கானோர், வேலைக்குப் போன ஒரே காரணத்தால் கடனாளிகள் ஆக்கப்பட்டார்கள்.

அங்கே இந்தப் பணத்தைக் கொடுப்பது சென்டர்லிங்க் அலுவலகம். முன்பு 'நியூஸ்டார்ட்' என்றிருந்த உதவித்தொகைக்கு, 2020 மார்ச் முதல் 'ஜாப்சீக்கர்' என்று பெயர். வாங்குகிறவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தன் சம்பாத்தியத்தைச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வாரத்துக்கு எவ்வளவு தருவது என்பதை அந்த இரண்டு வார வருமானம்தான் தீர்மானிக்கும். அடுத்த மாதம் நல்ல வேலை கிடைத்தாலும், போன மாதம் வாங்கியது வாங்கியதுதான். சம்பாத்தியத்தை மறைத்தோ குறைத்தோ சொல்லி அதிகமாக வாங்கியிருந்தால் அது கடன். அதைத் திருப்பிக் கேட்பதில் தவறில்லை.

2015-இல் இந்தக் கணக்கைக் கணினியிடம் ஒப்படைக்க முடிவெடுத்தார்கள். 'ரோபோடெட்' என்று மக்கள் பெயர் வைத்த திட்டம் இது. 2016-இல் நாடு முழுவதும் வந்தது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அங்கே நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது. ஒருவர் டிசம்பர் வரை வேலையில்லாமல் உதவித்தொகை வாங்குகிறார். ஜனவரியில் வேலை கிடைக்கிறது. ஜூன் வரை 26,000 டாலர் சம்பாதிக்கிறார். அவர் எதையும் மறைக்கவில்லை. கணினியோ வரித் துறையிலிருந்து ஆண்டு வருமானத்தை எடுத்து, 26 இரு வாரங்களுக்கும் சமமாகப் பிரித்தது. இரண்டு வாரத்துக்கு 1,000 டாலர். ஆக, கையில் காசில்லாத அக்டோபரிலும் இவர் 1,000 டாலர் சம்பாதித்ததாகக் கணக்கு. 'பொய் சொல்லி வாங்கியிருக்கிறாய், திருப்பிக் கொடு' என்று நோட்டீஸ். அவர் வேலைக்கே போகாமல் இருந்திருந்தால் இந்தக் கடன் வந்திருக்காது!

முன்பெல்லாம் அதிகாரி ஒருவர் உட்கார்ந்து, முதலாளியிடம் விசாரித்துச் சரிபார்ப்பார். அதை எடுத்துவிட்டு, நிரூபிக்கும் சுமையை மக்கள் தலையில் வைத்தார்கள். ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளுக்கு எங்கே போவது? வேலை பார்த்த கடையே மூடியிருக்கும். பதில் சொல்ல முடியாதவர்கள்மீது கடனோடு 10 சதவீதக் கட்டணமும் விழுந்தது. வசூல் நிறுவனங்கள் துரத்தின. வரி ரீஃபண்டையும் பிடித்துக்கொண்டார்கள். கடன் நோட்டீஸுக்குப் பிறகு தற்கொலை செய்துகொண்ட மகன்களைப் பற்றி இரண்டு தாய்மார் பின்னாளில் இதை விசாரித்த ஆணையத்தில் சாட்சி சொன்னார்கள்.

என்னால் ஏற்க முடியாதது இதுதான்: இது தெரியாமல் நடந்த பிழை அல்ல. இப்படிச் சராசரி போட்டுக் கடன் சுமத்தச் சட்டம் இடம் தராது என்று 2014-லேயே சமூக சேவைத் துறையின் சட்ட ஆலோசகர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 2017-இல் தீர்ப்பாய உறுப்பினர் டெர்ரி கார்னியும் அதையே சொன்னார். அரசு மேல்முறையீடும் செய்யவில்லை, திட்டத்தை நிறுத்தவும் இல்லை. பிடித்த பணம் கஜானாவுக்குச் சேமிப்பாகக் காட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

மெல்பர்ன் பெண் ஒருவர் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனார். இரண்டாயிரம் டாலருக்கு மேல் கடன் என்று சொல்லி அவருடைய ரீஃபண்டை எடுத்திருந்தார்கள். மறுபடி கணக்குப் பார்த்தபோது உண்மையான பாக்கி 1 டாலர் 48 சென்ட். 2019 நவம்பரில் அந்தக் கடன் செல்லாது என்று அரசே ஒப்புக்கொண்டது. 2020 மே மாதம், 4,70,000 கடன்களுக்காக வசூலித்த சுமார் 72 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. ஆம், கடைசியில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது அரசுதான். 2023 ஜூலையில் கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான அந்த விசாரணை ஆணையம், திட்டம் கொடூரமானது, நியாயமற்றது, சட்டவிரோதமானது என்று அறிக்கை கொடுத்தது.

வேலையில்லாதவருக்கு அரசு தருவது கைமாற்று அல்ல. வேலை கிடைத்ததும் அவர் வரி கட்டத் தொடங்குகிறார். அடுத்தவருக்கான உதவித்தொகை அந்த வரியிலிருந்தும்தான் போகிறது. அதற்கு மேல் கேட்க அரசுக்கு உரிமை இல்லை.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால், பயந்துபோய்ப் பணத்தைக் கட்டிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்த வாரத்துக்கு, எந்த வருமானத்தை வைத்து, எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று முதலில் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். மறுபரிசீலனை கோரும் உரிமை ஆஸ்திரேலியாவில் எல்லோருக்கும் உண்டு.

(தொடரும்)