பழைய ஸ்போர்ட்ஸ் கார்: ஓட்டினால் மதிப்பு குறையுமா? பூட்டி வைத்தால் ஏறுமா?

சிங்கப்பூரில் கார் வாங்கிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: வாங்கிய அன்றே அதன் மதிப்பு இறங்கத் தொடங்கிவிடும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ, அதாவது வாகன உரிமைச் சான்றிதழ், மட்டுமே 150,001 வெள்ளிக்குப் போனது. பத்தே ஆண்டில் கரைந்துபோகும் பணம் அது.

ஆனால் சில கார்கள் எதிர்த்திசையில் போகின்றன. வயது ஏற ஏற அவற்றின் விலையும் ஏறுகிறது. 80களில் வந்த டொயோட்டா ஏஇ86, 90களின் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், 1998 வரை வந்த காற்றால் குளிரும் இன்ஜின் கொண்ட போர்ஷ 911 ஆகியவை அந்த ரகம்.

"அதெல்லாம் பணக்காரங்க விஷயம், நமக்கென்ன?" என்று தோன்றலாம். ஆனால் ஏஇ86 வெளிவந்தபோது அது சாதாரணக் குடும்பங்கள் வாங்கக்கூடிய கார்தான். இங்கேயோ, கடலுக்கு அந்தப் பக்கம் ஜோகூரிலோ, உங்கள் மாமாவோ சித்தப்பாவோ அப்படி ஒன்றை விற்காமல் வைத்திருக்கலாம். நாளைக்கு அது உங்கள் கைக்கும் வரலாம்.

அப்படி வந்தால் முதல் கேள்வி இதுதான்: ஓட்டுவதா, துணி போட்டு மூடி வைப்பதா?

ஏன் சில கார்களின் விலை மட்டும் ஏறுகிறது?

பழசு என்பதால் மட்டும் எந்தக் காரும் விலை ஏறுவதில்லை. எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும். தேடுவோர் அதிகமாக இருக்க வேண்டும். அந்தக் காரோடு சேர்ந்த ஒரு கதையும் இருந்தால் இன்னும் நல்லது.

ஏஇ86க்கு அந்தக் கதையைக் கொடுத்தது 'இனிஷியல் டி' என்ற ஜப்பானிய மாங்கா. மலைப்பாதையில் டோஃபு டெலிவரி செய்யும் பையன் ஓட்டிய கார் என்பதாலேயே ஒரு தலைமுறை அதன்மீது ஆசை வளர்த்தது.

ஸ்கைலைனுக்கு வேறொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் விற்கப்படாத வெளிநாட்டுக் கார்களை, தயாராகி 25 ஆண்டு ஆன பிறகு அங்கே கொண்டுபோகலாம். 1989இல் வந்த ஆர்32 ஜிடி-ஆருக்கு அந்தக் கதவு 2014இல் திறந்தது. 1999இல் வந்த ஆர்34க்கு 2024இல் திறந்தது. இருக்கும் கார்கள் அதே எண்ணிக்கைதான், ஆனால் வாங்க வருவோர் கூட்டம் பெருகியது. விலை ஏறாமல் என்ன செய்யும்?

ஏறியது இறங்காது என்றும் நினைத்துவிட வேண்டாம். 1988இல் என்ஸோ ஃபெராரி காலமானபோது ஃபெராரி கார்களின் விலை பறந்தது. 90களின் தொடக்கத்தில் அதே விலை சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் பல ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒரே மாடல், இரண்டு கார்கள்

மெக்லாரன் எஃப்1 என்ற பிரிட்டிஷ் கார் 1990களில் மொத்தமே 106தான் தயாரானது. அதில் இரண்டு கார்களின் கதையைப் பாருங்கள்.

முதல் கார், 1995இல் ஜப்பானில் ஒருவரிடம் போனது. 26 ஆண்டுகளில் அது ஓடிய தூரம் சுமார் 390 கிலோமீட்டர். இங்கிருந்து கோலாலம்பூர் போய்ச் சேர்ந்தாலே 350 கிலோமீட்டர் ஆகிவிடும்! 2021 ஆகஸ்ட்டில் கலிஃபோர்னியாவில் நடந்த ஏலத்தில் அது 20.465 மில்லியன் அமெரிக்க டாலருக்குப் போனது. புதிதாக வந்தபோது அந்த மாடலின் விலை 1 மில்லியன் டாலரைக்கூடத் தொடவில்லை.

இரண்டாவது காரின் சொந்தக்காரரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். மிஸ்டர் பீன் நடிகர் ரோவன் அட்கின்சன். 1997இல் அவர் அதைச் சுமார் 640,000 பவுண்டுக்கு வாங்கியதாகச் செய்திகள் கூறின. அவர் அதைப் பூட்டி வைக்கவில்லை, நன்றாகவே ஓட்டினார். 1999இல் முன்னால் போன காரின் பின்புறத்தில் மோதினார். 2011இல் கட்டுப்பாட்டை இழந்து மரத்தில் மோதினார், கார் தீப்பற்றியது. பழுதுபார்க்கும் செலவு சுமார் 910,000 பவுண்டு. காப்புறுதி நிறுவனம் கொடுத்தது.

இரண்டு விபத்து. ஏறத்தாழ 66,000 கிலோமீட்டர் ஓட்டம். இருந்தும் 2015இல் அது சுமார் 8 மில்லியன் பவுண்டுக்குக் கைமாறியதாகத் தகவல். வாங்கிய விலையைப்போல் 12 மடங்குக்கும் மேல்.

இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. விற்ற ஆண்டு வேறு, ஓட்டியவரின் புகழும் விலையில் சேர்ந்திருக்கும். அட்கின்சன் ஓட்டாமல் வைத்திருந்தால் இன்னும் அதிகம் கிடைத்திருக்கலாம். ஆனால் ஒன்று தெளிவாகிறது. உலகமே தேடும் காராக இருந்து, பழுது முறையாகச் சரிசெய்யப்பட்டிருந்தால், ஓட்டியதால் மட்டும் அதன் மதிப்பு அழிந்துவிடாது.

நிறுத்தி வைத்தால் கார் அப்படியே இருக்குமா?

இருக்காது. பலரும் தவறாக நினைப்பது இங்கேதான். ஓடாத காருக்கும் வயதாகும்.

பெட்ரோல்: சில மாதங்களிலேயே தரம் குறைய ஆரம்பிக்கும். எளிதில் ஆவியாகும் பகுதி போய், பிசின் போன்ற ஒன்று மிஞ்சும். கார்பரேட்டரையும் இன்ஜெக்டரையும் அது அடைத்துக்கொள்ளும்.

பிரேக் ஆயில்: காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. உள்ளே துரு பிடிக்கும், பிரேக்கின் பிடிப்பும் குறையும். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

ரப்பர் சீல்கள்: எண்ணெய் படாமல் காய்ந்து சுருங்கும். பல ஆண்டு நின்ற காரை எடுத்து ஓட்டிய முதல் வாரத்திலேயே அடியில் எண்ணெய் சொட்டுவது இதனால்தான்.

பேட்டரி: இன்ஜினை அணைத்தாலும் கடிகாரம், அலாரம் போன்றவை மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். சில வாரத்தில் பேட்டரி இறங்கிவிடும்.

சிங்கப்பூரில் இன்னொரு தொல்லையும் சேரும். இங்கு காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல். இந்த ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும், தோல் இருக்கையில் பூஞ்சை படரும். வீவக பலமாடி கார் நிறுத்துமிடத்தில் துணியைப் போட்டு மூடி வைத்தால், சில சமயம் அந்தத் துணியே ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒயரைக் கடிக்கும் எலிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்த மெக்லாரனுக்குக்கூட விதிவிலக்கு இல்லை. அதன் பெட்ரோல் டாங்கின் உள்பையை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்கு இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். கார் ஓடியதா இல்லையா என்பது பேச்சே இல்லை.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் போதாதா?

போதாது. நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது பல நேரம் கெடுதல்தான்.

இன்ஜின் எரியும்போது நீராவியும் உண்டாகும். இன்ஜின் முழுச் சூட்டை எட்டினால் அது ஆவியாகி வெளியே போய்விடும். அதற்குள் அணைத்துவிட்டால் அந்த ஈரம் ஆயிலிலும் புகைக்குழாயிலும் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். கியர், பிரேக், டயர் எதற்கும் வேலை கிடைப்பதில்லை.

மாதம் ஒன்றிரண்டு முறை 30, 40 நிமிடம் சாலையில் ஓட்டுவது நல்லது. முடியாதா? அப்போ ஸ்டார்ட் செய்யாமல், முறையாகத் தயார்செய்து நிறுத்தி வைப்பதே மேல்.

டயரைப் பார்த்தீர்களா?

இது பண விஷயம் அல்ல, உயிர் விஷயம்.

'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30ஆம் தேதி போர்ஷ கரேரா ஜிடி காரில் பயணியாகச் சென்றபோது விபத்தில் இறந்தார். மிதமிஞ்சிய வேகமே காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. அதே விசாரணையில் இன்னொன்றும் தெரியவந்தது. காரின் டயர்கள் ஒன்பது ஆண்டு பழையவை.

டயருக்கு வயது கிலோமீட்டரில் மட்டும் இல்லை, ஆண்டிலும் இருக்கிறது. பள்ளம் தேயாமல் புதுசு மாதிரி தெரியும், உள்ளே ரப்பர் இறுகிப் பிடிப்பு போயிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பல ஆண்டு நின்ற காரை எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

சிங்கப்பூர் விதி என்ன?

35 வயது தாண்டிய கார்களைப் பழம்பெரும் வாகனத் திட்டத்தில் பதிவுசெய்ய நிலப் போக்குவரத்து ஆணையம் வழிசெய்கிறது. முழு சிஓஇ கட்டணம் கட்ட வேண்டியதில்லை. சாலை வரியும் குறைவு. ஆனால் ஆண்டுக்கு அதிகபட்சம் 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். 1989இல் வந்த ஆர்32 ஜிடி-ஆர் இந்த 35 வயது வரம்பை 2024இல் எட்டியது.

ஆக, 'தினமும் ஓட்டுவதா' என்ற கேள்வியே அந்தத் திட்டத்தில் எழாது. ஆனால் 45 நாள் என்பது குறைவும் அல்ல. மாதத்துக்கு மூன்று நான்கு நாள். ஒரு பழைய காரை நல்ல நிலையில் வைத்திருக்க அது தாராளம். நிபந்தனைகள் மாறக்கூடும் என்பதால், வாங்குமுன் ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இது ஓர் உதாரணக் கணக்குதான். உங்கள் காரின் மதிப்பு 200,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நிறுத்துமிட வாடகை, காப்புறுதி, சாலை வரி, பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 10,000 வெள்ளி.

பத்தாண்டில் 100,000 வெள்ளி செலவு. அப்படியென்றால் 300,000 வெள்ளிக்கு விற்றால்தான் போட்ட பணம் கைக்கு வரும். ஏலக் கட்டணம், அதே பணத்தை வேறெங்காவது போட்டிருந்தால் வந்திருக்கும் வருமானம், இரண்டையும் இன்னும் சேர்க்கவே இல்லை.

இப்போது ஓட்டும் பக்கம். ஆண்டுக்கு 45 நாள், நாளுக்கு 40 கிலோமீட்டர். ஆண்டுக்கு 1,800 கிலோமீட்டர், பத்தாண்டில் 18,000. ஏற்கெனவே 60,000 ஓடிய கார் 78,000க்குப் போகும். வாங்க வருபவர் அதற்காகப் பெரிதாக முகம் சுளிக்க மாட்டார். ஆனால் 390 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய கார் என்றால்? முதல் பத்து நாளிலேயே அதன் தனிச்சிறப்பு போய்விடும். அந்தப் பணம் திரும்ப வரவே வராது.

அப்போ எந்தக் காரை ஓட்டலாம்?

ஓட்டாமல் வைப்பதில் அர்த்தம் உள்ளவை: தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இருக்கும், மிக மிகக் குறைவாக ஓடிய கார்கள். அந்தக் குறைந்த கிலோமீட்டருக்குத்தான் வாங்குபவர் காசு கொடுக்கிறார். அதற்கும் குளிர்சாதன அறை, ஈரப்பதம் நீக்கும் கருவி, முறையான பராமரிப்பு எல்லாம் வேண்டும்.

ஓட்டலாம், ஓட்ட வேண்டும் என்ற ரகம்: ஏற்கெனவே ஓரளவு ஓடிய கார்கள். பழைய கார்களில் பெரும்பாலானவை இவைதான். இவற்றை வாங்க வருபவர் முதலில் கேட்பது, "சர்வீஸ் ரெக்கார்டு இருக்கா? இன்ஜின் நல்லா ஓடுதா?" என்றுதான். பத்து வருடம் அசையாமல் நின்ற கார் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

உதிரிபாகம் கிடைக்குமா என்பதையும் பாருங்கள். ஏஇ86க்குச் சில பாகங்களை மறுபடியும் தயாரிக்கப்போவதாக டொயோட்டா 2021இல் அறிவித்தது. ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கு நிசானிடமும் அப்படி ஒரு திட்டம் உண்டு. பாகம் கிடைக்கும் காரை ஓட்டுவதில் பயம் குறைவு.

சாவி உங்கள் கைக்கு வந்தால்

1. உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பழைய பெட்ரோல், ஆயில், பிரேக் ஆயில், பேட்டரி, டயர் ஆகியவற்றை முதலில் ஒரு மெக்கானிக் பார்க்கட்டும். பழைய கார் பழக்கம் உள்ளவராக இருந்தால் நல்லது.

2. காகிதங்களைத் தேடுங்கள். பழைய ரசீது, சர்வீஸ் புத்தகம், பதிவு ஆவணம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். விற்கும் நாளில் அவற்றுக்கும் விலை உண்டு.

3. காப்புறுதி எடுக்கும்போது, காரின் மதிப்பை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் வகையைக் கேளுங்கள். சாதாரணக் காப்புறுதியில் 35 வயதுக் காரை வெறும் பழைய காராகக் கணக்கிட்டுவிடும் ஆபத்து இருக்கிறது.

4. ஓட்டினால் தவறாமல் ஓட்டுங்கள். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரட்டும். ஆயிலை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

5. நிறுத்துவதாக இருந்தால் முறையாக நிறுத்துங்கள். பேட்டரிக்கு மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் கருவி, சரியான காற்றழுத்தம் உள்ள டயர், காற்று புகும் வகைத் துணி, ஈரமில்லாத இடம் இவை நான்கும் அவசியம்.

6. கடைசியாக, வீட்டில் பேசுங்கள். மாமாவின் கார் என்றால் அவர் அதை எதற்காக இத்தனை வருடம் விற்காமல் வைத்திருந்தார் என்று அவரிடமே கேளுங்கள். விற்று உங்கள் படிப்புக்குக் கொடுக்க நினைத்திருக்கலாம். நீங்கள் ஒருநாள் ஓட்ட வேண்டும் என்றும் நினைத்திருக்கலாம். காரை என்ன செய்வது என்பதற்கு அந்தப் பதிலும் தேவை.