வகுப்பறைக்கு ஏஐ எழுதித் தரும் வரைவு: எதைக் கேட்கலாம், எதைத் திருத்த வேண்டும்?

ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பயிற்சித்தாள்கள் மளமளவென வந்து விழுகின்றன. பாடக்குறிப்பு, ஒரு மதிப்பெண் வினாக்கள், திருப்புதல் தேர்வுத்தாள் என்று முன்பு ஒரு மாலைப்பொழுதையே விழுங்கிய வேலை, செல்பேசியில் இரண்டு வரி தட்டச்சு செய்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. அடுத்தடுத்து ஜெமினி, கோபைலட், கிளாட் என்று பல கருவிகள் வந்துவிட்டன. எல்லாமே தமிழிலும் எழுதுகின்றன.

ஐந்து வகுப்புகளை இரண்டே பேர் கவனிக்கும் ஈராசிரியர் பள்ளிகள் நம்மிடம் ஏராளம். அங்கே ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகளைப் பார்க்கிறார். மாணவர் விவரங்களை எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றுவதும் அவர் தலையில்தான். அப்படிப்பட்டவருக்கு வாரத்தில் சில மணி நேரம் மிச்சமாகும் என்றால் அது பெரிய உதவி. அதை வாங்கிக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை. எந்த வேலையைக் கொடுப்பது, எதைக் கையிலேயே வைத்துக்கொள்வது என்ற தெளிவுதான் வேண்டும்.

அளவுகோல் எளிது. வரைவில் பிழை இருந்தால் கண்டுபிடிக்கும் அளவுக்கு அந்தப் பாடம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்டுபிடித்துத் திருத்த ஆகும் நேரம், நாமே உட்கார்ந்து எழுத ஆகும் நேரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த வேலையை ஏஐயிடம் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

இது எப்படி எழுதுகிறது?

இந்தக் கருவிகளுக்கு அடிப்படை, மொழி மாதிரி எனப்படும் கணினி நிரல். கணக்கில் அடங்காத பக்கங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது அது. இதுவரை வந்த சொற்களுக்குப் பிறகு எது வருவது பொருத்தம் என்று கணித்து, துண்டு துண்டாக எழுதிக்கொண்டே போகும். சில கருவிகள் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டும் எழுதுகின்றன. அப்போதும் எழுதும் முறை இதுதான். அதனால் சரியான தகவலும் தவறான தகவலும் ஒரே சரளத்தில் வருகின்றன. நடையை மட்டும் பார்த்து எது எது என்று பிரித்தறிய முடியாது.

பயிற்சிக்குக் கொடுக்கப்பட்ட எழுத்தில் பெரும்பங்கு ஆங்கிலம். தமிழின் பங்கு மிகச் சிறியது. நியூட்டனின் விதிகளைப் பற்றி எண்ணற்றோர் எழுதியிருப்பதால் அங்கே பிழை குறைவு. புணர்ச்சி விதி, யாப்பு, உள்ளூர் வரலாறு என்று வரும்போது பிழை கூடுகிறது.

இன்னொன்றும் உண்டு. மொழி மாதிரி நம்மைப் போல எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை. எழுத்துகளைத் துண்டுகளாகவே கையாள்கிறது. இதன் விளைவை ஒன்றாம் வகுப்பில் உடனே பார்க்கலாம். க, ட, ப, ம ஆகிய நான்கு எழுத்துகளும் அவற்றின் மெய்களும் மட்டுமே நடத்தியிருக்கிறோம். அவற்றைக் கொண்ட சொற்கள் வேண்டும் என்று கேட்கிறோம். படம், பட்டம், பக்கம், கட்டம் என்று பட்டியல் ஒழுங்காக வரும். நடுவில் ‘மக்கள்’ நுழைந்துவிடும். ‘ள்’ அந்தப் பிள்ளைக்கு இன்னும் அறிமுகமே ஆகவில்லை. பெரியவர்களின் கண் இதை எளிதில் தாண்டிப் போய்விடும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் குழந்தை அந்தச் சொல்லில் முட்டி நின்றுவிடும். தொடக்க வகுப்புக்கான சொற்பட்டியலை எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்துத்தான் தர வேண்டும்.

கேட்பதில்தான் பாதி வேலை

“தசம எண்கள் பற்றி ஒரு பயிற்சித்தாள் தயாரித்துக் கொடு” என்று கேட்டால், எந்த நாட்டுப் பிள்ளைக்கும் பொருந்துவது போன்ற, எந்தப் பிள்ளைக்கும் சரியாகப் பொருந்தாத ஒரு தாள் வரும். வகுப்பு, பயிற்றுமொழி, பாடத்தின் எல்லை, பிள்ளைகள் செய்யும் தவறு ஆகிய நான்கையும் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்: “ஏழாம் வகுப்பு, தமிழ் வழி. தசம எண்களை ஒப்பிடுவது மட்டும். கூட்டல் கழித்தல் வேண்டாம். 0.65, 0.7 இரண்டில் 65 பெரிய எண் என்பதால் 0.65தான் பெரியது என்று சொல்லும் மாணவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தவறு வெளியே தெரியும்படி பத்து வினா வேண்டும்.” வரும் தாளின் தரமே மாறிவிடும்.

அதோடு வேலை முடியவில்லை. அந்தப் பத்து வினாவையும் வரிசையாகப் பாருங்கள். 0.65க்கு 0.7, 0.38க்கு 0.4, 0.19க்கு 0.5 என்று எல்லாவற்றிலும் இலக்கம் குறைவாக உள்ள எண்ணே பெரியதாக அமைந்துவிட்டதா? அப்படியானால் “குட்டையாக இருப்பதுதான் பெரியது” என்ற புதிய தவறான விதியைப் பிடித்துக்கொண்ட மாணவன் பத்துக்குப் பத்து வாங்கிவிடுவான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நாமும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். 0.4க்கு எதிரே 0.45, 0.3க்கு எதிரே 0.30 ஆகியவற்றையும் கலந்து வைத்தால்தான் இடமதிப்பு புரிந்ததா என்பது தெரியும். நம் வகுப்பில் எந்த மாணவன் எந்த விதியைத் தானாக வகுத்துக்கொள்வான் என்பதை அவன் நோட்டைத் திருத்தும் ஆசிரியர்தான் அறிவார்.

2024இல் பெயர்பெற்ற மொழி மாதிரிகள் சில, 9.11, 9.9 இரண்டில் 9.11தான் பெரியது என்று பதில் சொன்னது பெரிதாகப் பேசப்பட்டது. நம் மாணவர் செய்யும் அதே தவறு. மாதிரிகள் அதற்குப் பின் வெகுவாக மேம்பட்டுவிட்டன. ஆனாலும் விடைக்குறிப்பைப் பார்க்காமல் எல்லாக் கணக்கையும் ஒரு முறை நாமே போட்டுப் பார்ப்பது தவிர்க்க முடியாதது.

எங்கே கைகொடுக்கும்?

ஒரே பத்தியைப் பல நிலைகளில் மாற்றி எழுதுவதில் இந்தக் கருவிகள் கெட்டிக்காரர்கள். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். ஒரே கதையை மூன்று நிலைக்கும் ஏற்றபடி கையால் எழுதுவது கடும் உழைப்பு. ஏஐயிடம் கேட்டால் வரைவு உடனே கிடைக்கும். நீளமான வாக்கியத்தை உடைப்பது, வழக்கில் இல்லாத சொல்லை மாற்றுவது என்ற வேலைதான் நமக்கு மிச்சம்.

ஒரே கணக்கை வேறு வேறு எண்களில் ஐந்து விதமாகக் கேட்பது, நான்கு விடைகளில் மூன்று தவறான விடைகளையும் மாணவர் வழக்கமாகச் செய்யும் தவறுகளிலிருந்து அமைப்பது, ஆங்கிலப் பாடத்துக்குக் கடைக்காரர், வாடிக்கையாளர் உரையாடல் எழுதுவது, செயல்திட்டத்துக்கு மதிப்பெண் பிரிப்பது ஆகியவையும் இப்படித்தான். இவற்றில் வரும் பிழை ஆசிரியரின் கண்ணில் சட்டென்று படும். அதனால்தான் இவை ஏற்ற வேலைகள்.

பாடநூலை ஒட்டியே வேண்டும் என்றால் அந்தப் பாடத்தின் பக்கத்தையே கொடுத்து, “இதில் உள்ளதை மட்டும் கொண்டு எழுது” என்று சொல்லலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு சிக்கல்: பல தமிழ் பிடிஎஃப் கோப்புகள் யூனிகோடில் அமையாததால் நகலெடுத்து ஒட்டும்போது எழுத்துகள் சிதைந்துவிடும். பக்கத்தைப் படமெடுத்துக் கொடுக்கலாம். கருவி அதைச் சரியாகப் படித்ததா என்று முதலில் பார்த்துவிட்டு வினா கேட்கத் தொடங்குங்கள்.

எங்கே சறுக்கும்?

இலக்கிய மேற்கோளில் மிகுந்த கவனம் தேவை. பொருளைச் சொல்லிக் குறள் கேட்டால், குறள் போலவே ஒலிக்கும் இரண்டு அடிகளைத் தானே கட்டிக் குறள் எண்ணும் போட்டுத் தருவது உண்டு. எண்ணைக் கொண்டே முதல் சோதனையைச் செய்யலாம். அதிகாரத்துக்குப் பத்துக் குறள். கல்வி 40ஆவது அதிகாரம் என்பதால் அதன் குறள்கள் 391 முதல் 400 வரை. கல்வி அதிகாரத்துக் குறள் என்று 412ஐக் காட்டினால் ஐயப்பட வேண்டும். அது கேள்வி அதிகாரத்தின் எண். எண் பொருந்தினாலும் நூலைத் திறந்து பாராமல் கரும்பலகையில் எழுதக் கூடாது.

யாப்பிலும் இதே நிலை. ‘மாணவர்’ என்பதை மா/ணவர் என்று பிரித்து நேர் நிரை, கூவிளம் என்பது சரியான அலகிடுதல். மாண/வர் என்று பிரித்துத் தேமா என்று விடைக்குறிப்பில் போட்டுவிட்டால், தமிழாசிரியர் பிடித்துவிடுவார். அவர் விடுப்பில் இருக்கும் நாளில் வகுப்பைப் பார்க்கும் வேறு பாட ஆசிரியரால் பிடிக்க முடியாது. பிழையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் மட்டுமே கேட்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

அறிவியலில் கலைச்சொற்கள் கலந்துவிடும். இலங்கைப் பாடநூல்களில் ஒளித்தொகுப்பு, ஒட்சிசன், பௌதிகவியல் என்பவை, தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஒளிச்சேர்க்கை, ஆக்ஸிஜன், இயற்பியல். இரண்டுமே நல்ல தமிழ்தான். ஒரே தாளில் இரண்டும் மாறி மாறி வந்தால் மாணவர் இரண்டு வேறு பொருள்கள் என்று நினைத்துக்கொள்வார். நம் பாடநூலின் சொற்களை முன்கூட்டியே பட்டியலாகக் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் பெருமளவு நீங்கும்.

ஏஐ வரையும் படங்களில் பாகக்குறிப்பு இடம் மாறியிருக்கலாம். தமிழ் எழுத்துகள் உருக்குலைந்திருக்கலாம். இதயத்தின் படமோ பூவின் படமோ பாடநூலில் இருப்பதே போதும். இந்திய வரைபடத்தை ஒருபோதும் இப்படி உருவாக்காதீர்கள். எல்லை தவறினால் சட்டச் சிக்கலும் வரும். இந்திய நில அளவைத் துறையின் வரைபடமே பாதுகாப்பானது.

பிள்ளைகளின் விவரம் வெளியே போகக் கூடாது

மெல்லக் கற்கும் மாணவர்களுக்குத் தனிப் பயிற்சி தயாரிக்கும் ஆர்வத்தில் மதிப்பெண் பட்டியலை அப்படியே பதிவேற்றிவிடுவது பெரிய தவறு. பெயர், எமிஸ் எண், ஆதார், சாதி, உடல்நலக் குறிப்பு எதுவும் அந்தக் கருவிக்குத் தேவையில்லை. “பெருக்கல் வாய்ப்பாடு தெரியும், வகுத்தலில் மீதியை விட்டுவிடுகிறார்” என்ற ஒரு வரியே போதும். 2023இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தைகள் என்றே வகைப்படுத்துகிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. பள்ளி நம்மை நம்பிக் கொடுத்த தகவலை நம் சொந்தச் செல்பேசியில் உள்ள செயலிக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

மாணவர்கள் தாமே இந்தக் கருவிகளைப் பயன்படுத்துவது வேறு விஷயம். 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டி, வகுப்பறையில் இவற்றைப் பயன்படுத்தக் குறைந்தபட்ச வயதாக 13ஐப் பரிந்துரைத்தது. ஆசிரியர் தயாரித்துச் சரிபார்த்த தாளைக் கொடுப்பதையும், பிள்ளையின் கையில் கருவியையே கொடுப்பதையும் ஒன்றாகக் கருதக் கூடாது.

அச்சடிக்கும் முன் ஐந்து கேள்விகள்

1. எல்லா வினாவுக்கும் விடைக்குறிப்பைப் பாராமல் நான் விடை எழுதிப் பார்த்தேனா?
2. பெயர், ஆண்டு, மேற்கோள், எண் ஒவ்வொன்றையும் நூலில் ஒப்பிட்டேனா?
3. சொற்கள் எல்லாம் எங்கள் பாடநூலில் உள்ளவைதானா?
4. தவறாகப் புரிந்துகொண்ட மாணவரும் முழு மதிப்பெண் வாங்கிவிட வழி இருக்கிறதா?
5. நாளைய பாடத்துக்கு இது தேவையா, அல்லது எளிதில் கிடைத்ததால் கொடுக்கிறேனா?

ஐந்தாவது கேள்வி முக்கியமானது. தயாரிப்பது எளிதானதும் தாள்களின் எண்ணிக்கை பெருகும். பிள்ளைகள் எழுதிக் குவிப்பார்கள். திருத்துவதற்கு ஆள் இருக்காது. திருத்தாத பத்துத் தாள்களைவிட, திருத்தி அருகில் உட்கார வைத்துப் பேசிய ஒரு தாள் அதிகம் கற்றுத்தரும். மிச்சமாகும் நேரம் அந்தப் பேச்சுக்குப் போக வேண்டும்.

இதைத் தனி ஆசிரியரின் பொறுப்பில் மட்டும் விட்டுவிடவும் கூடாது. அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஏஐ எழுதிய வரைவுகளைப் பாட ஆசிரியர்கள் சேர்ந்து திருத்தலாம். குழுக்களில் பகிரும் ஒவ்வொரு தாளின் கீழும் வகுப்பு, பாடம், ‘சரிபார்த்தவர்’ என்று ஓர் ஆசிரியரின் பெயர் இருக்கட்டும். பெயர் இல்லாத தாளை வகுப்பில் கொடுப்பதில்லை என்று ஒவ்வொரு பள்ளியும் முடிவெடுக்கலாம். இதற்கு அரசாணை தேவையில்லை, செலவும் இல்லை. இந்த வாரமே தொடங்கலாம்.