பிராட்வே நாடக வீதி

நியூயார்க் மாநகரின் மன்ஹாட்டன் தீவில் டைம்ஸ் சதுக்கம் என்று ஓர் இடம் உண்டு. மாலை மயங்கியதும் பன்னாட்டு மக்களும் அங்கே வந்து குழுமுகின்றனர். அன்றைய நாடகங்களுக்கு விற்காது எஞ்சிய நுழைவுச்சீட்டுகளை விலை குறைத்து விற்கும் சாவடி ஒன்று 1973-ஆம் ஆண்டு முதல் அங்கே இருந்து வருகின்றது. மணி எட்டை நெருங்கியதும் கூட்டம் பல கிளைகளாகப் பிரிந்து குறுக்குத் தெருக்களில் நுழைந்து, அரங்குகளுக்குள் சென்று மறைந்துவிடுகின்றது. இந்நாடகப் பகுதியையே உலகோர் 'பிராட்வே' என வழங்குகின்றனர்.

பிராட்வே என்பது 'அகன்ற வழி' என்று பொருள்படும் ஒரு நெடுந்தெருவின் பெயர். தீவின் தென்முனையில் தொடங்கி வடமுனை வரையில் அத்தெரு செல்கின்றது. ஆயினும், ஐந்நூறு இருக்கைகளுக்குக் குறையாத ஏறத்தாழ 40 அரங்குகளைச் சேர்த்தே நாடக உலகம் அப்பெயரால் குறிக்கின்றது. அவற்றுள் அத்தெருவின்மேல் நிற்பன ஒரு சிலவே. தெருவின் பெயர் அரங்குகளுக்கும், பின்னர் அங்கு நிகழும் கலைக்கும் ஆகி வந்தது. ஆகுபெயருக்கு எடுத்துக்காட்டுத் தேடும் மாணவர் இதனையும் குறித்துக்கொள்ளலாம்.

நகரம் வடக்கு நோக்கி வளர வளர, அரங்குகளும் அதனைத் தொடர்ந்தன. 1904-ஆம் ஆண்டில் நிலத்தடி இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், தொலைவில் வாழ்வோரும் நாடகம் கண்டு இரவே வீடு திரும்புதல் எளிதாயிற்று. அரங்குகள் ஒன்றையொன்று அடுத்து நிற்பதால் எல்லாருக்கும் பயன் உண்டு. ஓர் அரங்கில் இடம் கிடைக்கப்பெறாதார் அடுத்த அரங்கினுக்குச் செல்வர். நடிகரும், இசைவாணரும், ஆடை தைப்போரும், காட்சித்திரை தீட்டுவோரும் ஒருவரையொருவர் எளிதில் கண்டு தொழில் பெறுவர்.

இவ்வரங்குகளுக்குப் பெரும்புகழ் தந்தவை இசை நாடகங்கள். முற்காலத்தில் அவற்றுட் பலவற்றில் பாட்டும் ஆட்டமும் இருந்தனவேயன்றி, அவை கதையோடு ஒட்டியிருக்கவில்லை. ஒரு பாட்டை நீக்கினும் கதைக்குக் குறைவு நேராது. 1927-இல் வந்த 'ஷோ போட்' அந்நிலையை மாற்றத் தொடங்கிற்று. 1943-இல் ரிச்சர்டு ராட்ஜர்ஸ் இசையமைக்க, ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் உரையும் பாட்டும் எழுத, 'ஓக்லஹோமா' அரங்கேறியது. அதில் இயலும் இசையும் ஆடலும் ஒன்றாய்ப் பின்னிக் கதையை நடத்திச் சென்றன. அது 2,212 முறை நடிக்கப்பெற்றது. 1960-இல் ஹேமர்ஸ்டைன் மறைந்தபோது, டைம்ஸ் சதுக்கத்து விளக்குகளை ஒரு நிமிடம் அணைத்து அவருக்கு மரியாதை செய்தனர்.

1956-இல் அரங்கேறிய 'மை ஃபேர் லேடி' என்னும் நாடகத்தின் கதை, மொழி கற்பித்தலையே தொழிலாகக் கொண்டிருந்த எனக்குப் பெரிதும் உவப்பானது. பெர்னார்டு ஷாவின் நாடகத்தைத் தழுவியது அது. தெருவில் பூ விற்கும் பெண்ணொருத்திக்குத் திருந்திய ஒலிப்பைக் கற்பிக்கிறார் ஓர் ஒலியியல் அறிஞர். அப்பெண்ணின் நாவில் சொற்கள் முதன்முறையாகச் செம்மையுறும்போது, அம்மகிழ்ச்சி பாட்டாகவே வெளிப்படுகின்றது. வகுப்பறையில் ஒலிப்புப் பிழையோடு போராடிய ஆசிரியர்க்கு அக்காட்சியின் அருமை விளங்கும்.

பேசும்படமும் தொலைக்காட்சியும் வந்தபின்னும் மக்கள் இவ்வரங்குகளை நாடுவது ஏன்? திரைப்படம் ஒருமுறை எடுக்கப்பட்டுவிட்டால் மாறுவதில்லை. மேடை நாடகமோ ஒவ்வொரு மாலையும் புதிதாகப் பிறக்கவேண்டும். பாடகர் ஓர் எழுத்தைச் சற்று நீட்டினால், மேடையின் கீழ்ப் பள்ளத்தில் நிற்கும் இசைக்குழுத் தலைவர் தம் கோலைத் தாழ்த்தாது காத்திருப்பார். நகைச்சுவைக்கு அவையோர் நெடுநேரம் சிரித்தால், நடிகர் அடுத்த சொல்லை அடக்கி நிற்பார். ஆகவே, காண்போரும் நாடகத்தில் ஒரு பங்கு பெறுகின்றனர். வாரத்திற்கு எட்டு ஆட்டங்கள் நிகழும். அவற்றுள் யாரேனும் நோயுறல் கூடும். அதற்காகவே பல வேடங்களைப் பாடம் செய்துகொண்டு, அழைப்பு வருமோ வாராதோ என்று நாள்தோறும் காத்திருக்கும் நடிகர் சிலர் உளர். அவர்தம் பெயரைப் பலர் அறியார். அவரின்றி நாடகம் நடவாது.

இவ்வீதி இடர்களையும் கண்டது. 1903-இல் கட்டிய நியூ ஆம்ஸ்டர்டாம் அரங்கு, திரைப்படக் கொட்டகையாகிப் பின்னர்ப் பாழடைந்து, 1997-இல்தான் புத்துயிர் பெற்றது. 1982-இல் ஒரு பெரிய விடுதி எழுப்புவதற்காக ஐந்து அரங்குகளை இடித்தனர். நடிகர்கள் தெருவில் திரண்டு தடுத்தும் பயனில்லை. அதன் பிறகே பழைய அரங்குகள் பலவற்றை நகராட்சி சட்டத்தால் காத்தது. நுழைவுச்சீட்டின் விலையோ இன்று எளியோர்க்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றது. இதனைப் பெருங்குறை என்றே சொல்லவேண்டும்.

2020 மார்ச்சு 12-ஆம் நாள் கொரோனாத் தொற்றினால் அரங்குகள் அனைத்தும் மூடப்பட்டன. ஆளில்லாத மேடையில் ஒற்றை விளக்கை எரியவிடுதல் நாடகத்தார் மரபு. ஆவிகள் ஆடுவதற்கென்று வேடிக்கையாகச் சொல்வர். இருளில் வருவோர் பள்ளத்தில் விழாதிருத்தற்கே அது. ஏறத்தாழ ஒன்றரையாண்டு கழித்து, 2021 செப்டம்பரில் பெரிய இசை நாடகங்கள் மீண்டும் தொடங்கின. 1988 முதல் மெஜஸ்டிக் அரங்கில் நடந்துவந்த 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஆப்பரா'வும் அடுத்த மாதம் திரும்பி வந்து, 2023 ஏப்ரலில் 13,981-ஆம் ஆட்டத்தோடு நிறைவெய்தியது. பின்னர் அவ்வரங்கைச் செப்பனிட்டனர். 2024-ஆம் ஆண்டின் இறுதியில், 1959-இல் முதன்முதல் மேடையேறிய 'ஜிப்ஸி' என்னும் இசை நாடகம் புதிய நடிகர்களோடு அங்கே அரங்கேறியது.