முதலில் பேசுகிறவன்

திருவையாற்றுப் பக்கத்தில் குறுவை சாகுபடி செய்கிற மிராசுதார், ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கப்படுமா, திறந்தாலும் குடகில் மழை பொய்க்காமல் அந்த நீர் அறுவடை மட்டும் வந்துகொண்டிருக்குமா என்று யாரும் உறுதி கூற முடியாத காலத்திலேயே நாற்றங்காலில் விதையைத் தெளித்துவிட வேண்டியவராக இருக்கிறார். வரப்போவதை அறியுமுன் தம் பொருளை முன்வைக்கும் இந்தச் சங்கடமே, போக்கர் என்னும் சீட்டாட்டத்தில் முதல் ஆசனத்தில் அமர்ந்தவனுக்கும் நேர்கிறது.

இப்போது பெருவழக்கில் உள்ள 'டெக்ஸாஸ் ஹோல்டெம்' என்ற வகையில், ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் ரகசியமாகத் தரப்பட்டு, பின்னர் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். டீலருக்கு அடுத்த இருவர் சீட்டைப் பாராமலே 'பிளைண்ட்' என்ற கட்டாயப் பணயம் கட்ட, அவர்களுக்கும் அடுத்தவனே முதலில் வாய் திறக்கிறான். பணயம் கட்டுவதா, ரம்மியில் 'ஸ்கூட்' விடுவதுபோலச் சீட்டைக் கவிழ்த்து விலகுவதா என்று அவன் தீர்மானிக்கும் வேளையில், ஒன்பது பேர் உள்ள மேஜையானால், எட்டுப் பேருடைய அபிப்பிராயமும் வெளிப்படாமலே இருக்கிறது.

52 சீட்டுகளிலிருந்து இரட்டைச் சீட்டுக் கை 1,326 விதமாக அமையக் கூடும். அவற்றுள் மிகச் சிறந்த நூற்றுக்கு ஐந்து பங்கைப் பெரிய கை என்று கொண்டால், எட்டுப் பேரில் ஒருவரிடமாவது அத்தகைய கை இருக்க ஏறத்தாழ மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. முன்னுள்ளவர்கள் யாவரும் விலகிவிட, டீலர் ஆசனத்தில் இருப்பவனுக்கோ இனிப் பேச வேண்டியவர் இருவரே ஆதலால் அது பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. ஆட்டின் ராஜாவும் ஆட்டின் ஒன்பதும் அங்கே துணிந்து ஆடத் தக்கவை. முதல் ஆசனத்தில் கவிழ்க்கத் தக்கவை.

தேர்ந்தவர்கள் முதல் ஆசனத்தில் பெரிய ஜோடிகளோ, ஏஸும் ராஜாவும் போன்ற கைகளோ வந்தாலன்றிப் பெரும்பாலும் நுழைவதில்லை. நுழையும்போதும், பிளைண்டுக்கு ஈடான தொகையைக் கட்டிச் சும்மா நிற்காமல், அதை உயர்த்தியே நுழைகிறார்கள். ஏனெனில் முதலாமவன் மலிவாக நுழைந்தால் பின்னாலிருப்பவர்களும் மலிவாகவே நுழைவார்கள். ஓர் எதிரியிடம் நூற்றுக்கு 85 தடவை வெல்லக் கூடிய ஏஸ் ஜோடி, எட்டு எதிரிகளும் கடைசிவரை நின்றால் 35 தடவை அளவில்தான் வெல்லும். உயர்த்துகிற தொகையும் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஏஸ் ஜோடிக்கு ஒரு தொகை, பத்து ஜோடிக்கு வேறொரு தொகை என்று கட்டுகிறவன் சீட்டைத் திருப்பிக் காட்டியே ஆடுகிறான். ஆனால் வெறும் பொறுமைசாலிக்கும் இதில் வரும்படி இல்லை. அவன் வாய் திறந்த மாத்திரத்தில் மற்றவர்கள் விலகிவிடுவார்களாகையால், எப்போதாவது நடுத்தரக் கை ஒன்றையும் அதே தொகையுடன், அதே முகபாவத்துடன் ஆடிவைப்பது விவேகம். பொதுச் சீட்டுகள் திறந்த பிறகும் டீலர் ஆசனத்தானுக்கு முன்பே பேச வேண்டியவன் அவன்தான் என்பதால், சந்தேகமான இடத்தில் பணயத்தைச் சிறுத்து ஆடுவதே நலம்.

இது அதிர்ஷ்டமா சாமர்த்தியமா என்ற தர்க்கம் சென்னை உயர் நீதிமன்றம் வரையில் சென்றது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழக அரசு இயற்றிய 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாக அட்டவணையில் சேர்த்திருந்தது. 2023 நவம்பர் 9 அன்று நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்திய போதிலும், அவ்விரண்டையும் அவ்வாறு சேர்த்ததை ஒப்பவில்லை. ஒரே கைக்கு ஆசனத்துக்கு ஆசனம் மதிப்பு மாறுவதை அறிந்தவருக்கு அதில் வியப்பில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, அந்தத் தர்க்கத்துக்கே இடம் வைக்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எதுவாயினும் கூடாதென்றுவிட்டது. கடன்பட்டுச் சீரழிந்த குடும்பங்களை எண்ணும்போது அது தகாதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திண்ணையில் புளியங்கொட்டையைப் பணயமாக வைத்து ஆடுகிறவர்களுக்கு அதனால் யாதொரு இடையூறும் இல்லை.