அடுப்பு அணைந்தால் கேஸ் தானே நிற்குமா?
சந்தேகங்களும் விளக்கங்களும்

ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் திண்டுக்கல்லில் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைப்பது பெரும்பாடு. சிம்மில் வைத்த தீ எப்போது அணைந்தது என்றே தெரியாது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அதைத் தானாக நிறுத்தும் கருவி பற்றிச் சில சந்தேகங்கள்:

தீ அணைந்தது அடுப்புக்கு எப்படித் தெரிகிறது?

பூட்டுக்குப் பேர்போன ஊரில் இதை விளக்குவது சுலபம். இதுவும் ஒரு பூட்டுதான்; அதன் சாவி நெருப்பு. பர்னரை ஒட்டிச் சின்னக் கம்பி ஒன்று நிற்கும். தெர்மோகப்பிள் என்பார்கள். இரண்டு வெவ்வேறு உலோகங்களை இணைத்து ஒரு முனையைச் சூடாக்கினால் பக்கத்திலுள்ள காந்த ஊசி அசைவதை 1821-இல் தாமஸ் சீபெக் கண்டார். அங்கே மின்சாரம் ஓடியதுதான் காரணம். அடுப்புக் கம்பியில் பிறப்பது 20, 30 மில்லிவோல்ட்தான். ஒரு டார்ச் செல்லில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால், திருகுக்குள் இருக்கும் குட்டி மின்காந்தத்துக்கு அது போதும். ஸ்பிரிங் மூடப் பார்க்கும் வால்வை, மூடவிடாமல் அது இழுத்துப் பிடித்திருக்கும். தீ அணைந்தால் கம்பி ஆறும், காந்தம் கைவிடும், வால்வு மூடிக்கொள்ளும். உடனே அல்ல, கம்பி ஆற ஒரு நிமிடம்வரைகூட ஆகலாம். கரன்ட் கட் ஆனாலும் இது வேலை செய்யும்.

பற்றவைத்த பிறகும் திருகை அழுத்திப் பிடிக்கச் சொல்கிறார்களே?

கம்பி சூடேறச் சில விநாடி வேண்டும். பிடித்தும் அணைகிறதென்றால், பொங்கிய பால் கம்பி முனையில் கருகிப் படிந்திருக்கலாம். ஆறிய பின் துடைத்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டு அடுப்பில் இது இருக்கிறதா?

அநேகமாக இருக்காது. மேடையில் பதிக்கும் ஹாப் அடுப்புகள் பலவற்றில் உண்டு. சாதாரண இரண்டு பர்னர் அடுப்பில் அரிது. ஆட்டோ இக்னிஷன் அடுப்பில் வெள்ளைப் பீங்கான் சுற்றிய முனை ஒன்று தெரியும். அது பொறி விட மட்டுமே. அதைக் காவல்காரன் என்று நம்பிவிடாதீர்கள்.

அடுப்பு இருக்கட்டும், கேஸ் கீசர் சில நேரம் பற்றவே மாட்டேன் என்கிறது. பழுதா?

தண்ணீர் வேகமாக வந்து உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வைத் தள்ளினால்தான் கேஸ் திறக்கும். மாடிக் குளியலறைக்கு நேர் மேலே தொட்டி இருந்தால் அந்த வேகம் கிடைப்பதில்லை. பேட்டரியையும் பாருங்கள்.

தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் கருவி இருந்தால் பயமில்லை அல்லவா?

இங்கேதான் ஏமாறுகிறோம். இந்தக் கருவிக்குத் தீயை மட்டுமே தெரியும். சிலிண்டருக்கும் அடுப்புக்கும் நடுவில் ரப்பர் டியூப் வெடித்துக் கசிந்தால் அது ஒன்றும் செய்யாது. அதனால் இரவில் ரெகுலேட்டரை மூடுங்கள். டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கீசர் விஷயம் இன்னும் மோசம். மார்கழிக் குளிருக்குக் கதவு, ஜன்னல், வென்டிலேட்டர் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு குளிப்பவர்கள் உண்டு. ஆக்ஸிஜன் குறைந்தாலும் தீ எரிந்துகொண்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. நமக்குப் பழகிய அந்த நாற்றம், கசிவு தெரிவதற்காகக் கேஸில் சேர்ப்பது. எரிந்த பின் இருக்காது. தீ எரிவதால், தீயைக் கவனிக்கும் கருவி கீசரில் இருந்தாலும் அது சும்மா இருக்கும். கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் மாட்ட வேண்டும். ஏற்கெனவே உள்ளே மாட்டியிருந்தால், இடம் மாற்றும்வரை அதைப் போடாதீர்கள்.

கேஸ் நாற்றம் வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.