அம்பாசிடரின் ஸ்டீயரிங்கைக் கழற்றும் முன்

கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 2014 மே மாதத்தில் அம்பாசிடர் உற்பத்தியை நிறுத்தியது. ஆயினும் மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழித்தோன்றலான அக்காரைப் பேணி ஓட்டுவோர் இன்றும் உளர். அவர்கள் அஞ்சும் வேலைகளுள் ஒன்று, ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றுவது.

பார்வைக்கு அது ஒரே நட்டில் நிற்கிறது. உண்மையில் பல்லாண்டுத் துருவும் சேர்ந்தே அதைப் பற்றியிருக்கும். முதலில் பாட்டரி இணைப்பைத் துண்டித்து, முன்சக்கரங்களை நேராக நிறுத்த வேண்டும். நடுவிலுள்ள ஹாரன் மூடியை எடுத்தால் நட்டு தென்படும். அப்போதே சக்கரத்தின் நடுக்குடத்திலும் தண்டின் முனையிலும் நேருக்கு நேர் அடையாளமிட்டுக்கொள்ளுங்கள். தண்டிலுள்ள நுண்பற்களில் ஒன்று மாறிப் பொருந்தினாலும், கார் நேராகச் செல்லும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கும்.

நட்டை முழுவதும் எடுத்துவிடலாகாது. சில சுற்றுகள் தளர்த்தி, மரையிலேயே விட்டுவைக்க வேண்டும். இல்லையேல், இழுக்கும் வேகத்தில் சக்கரம் திடீரென விடுபட்டு முகத்தில் மோதும். பிறகு துரு நீக்கும் எண்ணெய் விட்டு, பொறுத்திருந்து, புல்லர் கருவியால் இழுப்பதே முறை. சுத்தியலை எடுப்பவரிடம் காரை ஒப்படைக்காதீர்கள்; ஓங்கிய அடி மரையை நசுக்கிவிடும், கீழுள்ள பாகங்களையும் தாக்கும்.

திரும்பப் பூட்டும்போது நட்டை நன்கு இறுக்கி, மெதுவாக ஓட்டிச் சோதிப்பது கட்டாயம். ஓட்டத்தில் கழன்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2021 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மத்திய விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து அசல் நிலையில் உள்ள சொந்தப் பயன்பாட்டு வாகனத்தைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆதலால் விரிசல் கண்ட பழைய சக்கரத்தையும் எறிந்துவிட வேண்டாம். மாற்று தேவைப்பட்டால், பழைய உதிரி பாகங்களுக்குப் பெயர்பெற்ற மல்லிக் பஜாரில் தேடலாம். அளவு பார்க்கப் பழையதைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.