தேர்தலுக்கும் தேர்தலுக்கும் இடையே: பின்காலனிய மக்களாட்சியும் தமிழக உள்ளாட்சியில் தனி அலுவலர் ஆட்சியும்

ஆய்வுச்சுருக்கம்

காலனிய ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளில் மக்களாட்சி சந்திக்கும் இடர்ப்பாடுகள் பெரும்பாலும் இராணுவ ஆட்சிக்கவிழ்ப்பு, வறுமை, இனப்பூசல் ஆகியவற்றைக் கொண்டே விளக்கப்படுகின்றன. தேர்தல்கள் ஒழுங்காக நடைபெறும் நாடுகளிலும் அடித்தள மன்றங்கள் இல்லாது போகும் காலங்கள் உண்டு. அக்காலங்களில் காலனியம் விட்டுச்சென்ற அலுவலர் ஆட்சி எவ்விதத் தடையுமின்றி அவ்விடத்தை நிரப்பிக்கொள்கிறது. இவ்வியல்பைத் தமிழக உள்ளாட்சியின் வரலாற்றைக் கொண்டும், பெரம்பலூர் மாவட்டம் பூலாம்பாடியை ஒத்த பேரூராட்சிகளின் நிலையைக் கொண்டும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பின்காலனியம், மக்களாட்சி, உள்ளாட்சி, தனி அலுவலர், பேரூராட்சி, கிராம சபை.

முன்னுரை

பொருளாதார வளர்ச்சிக்கும் மக்களாட்சியின் நிலைபேற்றுக்கும் தொடர்பு உண்டு என்று 1959இல் சீமோர் மார்ட்டின் லிப்செட் வாதிட்டார். வருவாய் குறைந்த நாடுகளில் மக்களாட்சி விரைவில் வீழ்வதற்கான வாய்ப்பு மிகுதி என்பதை ஆடம் பிரெசெவோர்ஸ்கி முதலியோர் பின்னர்ப் புள்ளியியல் வழி ஆராய்ந்தனர். இவ்வாய்வுகளில் இந்தியா எப்போதும் விதிவிலக்காகவே இடம்பெறுகிறது. அவ்விதிவிலக்கு உண்மையானதே. ஆயினும் அது தேசிய அளவிலான தேர்தல்களை மட்டும் அளந்து பெறப்பட்ட முடிவு.

பச்சைமலையின் அடிவாரப் பகுதியில், வேப்பந்தட்டை வட்டத்தில் அமைந்துள்ள பூலாம்பாடி ஒரு பேரூராட்சி. இவ்வூர் வாக்காளர் 2019இல் நாடாளுமன்றத்துக்கும் 2021இல் சட்டமன்றத்துக்கும் வாக்களித்தார். அவ்விரு தேர்தல்களின்போதும் அவருடைய வார்டுக்கு உறுப்பினர் இல்லை. பேரூராட்சிக்குத் தலைவரும் இல்லை. 2016 அக்டோபர் 24 அன்று தமிழக உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் நிறைவடைந்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடைபெற்றது. ஐந்தாண்டுப் பதவிக்காலம் ஒன்று முழுவதையும் விழுங்கிய இடைவெளி இது. தேசிய அளவுகோல் எதிலும் இவ்விடைவெளி பதிவாவதில்லை.

அலுவலர் முன், வாக்குச்சீட்டு பின்

மேலை நாடுகள் பலவற்றில் நகர மன்றங்கள் நவீன அரசின் அலுவலர் அமைப்புக்கு முற்பட்டவை. காலனிய நாடுகளில் வரிசை மாறியது. வரி தண்டுவதற்கான மாவட்ட ஆட்சியர் முதலில் வந்தார். வாக்குச்சீட்டு நெடுங்காலம் கழித்து வந்தது. 1882 மே 18 அன்று ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம், உள்ளாட்சியின் முதன்மைப் பயன் நிருவாகத் திறனன்று, மக்களுக்கு அரசியற் பயிற்சி அளிப்பதே என்று கூறியது. அதனையொட்டி 1884இல் சென்னை மாகாணத்தில் உள்ளாட்சிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. மன்றங்கள் தோன்றின, எனினும் அவற்றைக் கண்காணிக்கவும் கலைக்கவுமான அதிகாரம் மேலிடத்திலேயே நின்றது.

மஹ்மூத் மம்தானி 1996இல் வெளியிட்ட ஆப்பிரிக்கா பற்றிய நூலில், காலனிய அரசு நகரத்தில் குடிமக்களையும் ஊரகத்தில் குடிபடைகளையும் உருவாக்கிய இரட்டை அரசு என்றும், விடுதலைக்குப் பின்னர் அவ்விரட்டைத் தன்மை முழுதும் நீங்கவில்லை என்றும் நிறுவினார். ஆப்பிரிக்காவில் வழக்காற்றுத் தலைவர்கள் வகித்த இடத்தை இந்தியாவின் பெரும்பகுதியில் வருவாய்த்துறை வகித்ததால், அவர் கருத்தை இங்கு அப்படியே பொருத்த இயலாது. எனினும் அடித்தளத்தில் அலுவலரே நிலையானவர், மன்றம் வந்துபோவது என்ற மனப்பாங்கை விளங்கிக்கொள்ள அது பயன்படுகிறது.

அரசமைப்பு அவையின் வரைவில் ஊராட்சிகளுக்கு இடமில்லை. கிராமம் குறுகிய பற்றுகளின் உறைவிடம் என்று 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் ஆற்றிய உரை யாவரும் அறிந்தது. அதே நவம்பர் 22 அன்று தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் முன்மொழிந்த திருத்தத்தின் வழியாகவே இன்றைய 40ஆவது உறுப்பு சேர்ந்தது. அதுவும் நீதிமன்றத்தில் வலியுறுத்த இயலாத நெறிமுறைக் கோட்பாடாகவே அமைந்தது. அதன் விளைவு விரைவில் தெரிந்தது. தமிழக ஊராட்சிகளுக்கு 1970இல் தேர்தல் நடந்த பின் 1986இல்தான் மறுதேர்தல். அதன் பின்னர் 1996இல். இருபத்தாறு ஆண்டுகளில் இடையே ஒரே ஒரு தேர்தல். இக்காலத்தில் மாநில ஆட்சி வாக்குப்பெட்டியின் வழியே பலமுறை கைமாறியது என்பதையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். மைய அரசு மாநில உரிமையைப் பறிக்கிறது என்று முழங்கிய கட்சிகள், தமக்குக் கீழுள்ள மன்றங்களின் வெறுமையைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் திருத்தங்கள் இதனைச் சரிசெய்ய முனைந்தன. பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்தி முடிக்கப்பட வேண்டும். இடையில் கலைக்கப்பட்டால் ஆறு மாதங்களுக்குள் நடத்த வேண்டும் என்று 243ஈ, 243யு ஆகிய உறுப்புகள் விதிக்கின்றன. கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006இல் உச்சநீதிமன்றம் இக்காலவரையறை கட்டாயமானது என்று உறுதி செய்தது.

நீதியும் காலமும்

கட்டாயமான விதி 2016இல் எவ்வாறு மீறப்பட்டது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. எவரும் தேர்தலை வெளிப்படையாக மறுக்கவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 17, 19 ஆகிய நாள்களில் நடைபெறவிருந்த தேர்தலின் அறிவிக்கையை, பழங்குடியினர் இட ஒதுக்கீடு தொடர்பாகத் தி.மு.க. தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று நீக்கியது. பச்சைமலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழும் இப்பகுதிக்கு அக்கோரிக்கை அயலானதன்று. பின்னர் வார்டு மறுவரையறை, மேல்முறையீடு, புதிய மாவட்டங்களின் உருவாக்கம் என ஒவ்வொன்றும் தன்னளவில் நியாயமான காரணமாக வந்து சேர்ந்தது. தனி அலுவலர்களின் காலம் சட்டத்திருத்தங்களால் ஆறாறு மாதங்களாக நீட்டிக்கப்பட்டது. பெரம்பலூர், அரியலூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் தேர்தல் நடந்தது. எஞ்சிய 9 மாவட்டங்களின் ஊரகத்திற்கு 2021 அக்டோபர் வரையிலும், நகர்ப்புறத்திற்கு 2022 வரையிலும் காத்திருக்க நேர்ந்தது.

இழப்பு வெறும் கோட்பாட்டளவிலானதன்று. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காரணத்தால் பதினான்காவது நிதிக்குழுவின் மானியம் தமிழகத்துக்கு விடுவிக்கப்படாமல் நின்றது. தெருவிளக்கு எரியாத வார்டில் முறையிடுவதற்கு உறுப்பினர் இல்லை. முறையிட்டாலும் செலவிடப் பணம் குறைவு.

பேரூராட்சி என்னும் இடைநிலை

ஊராட்சியைவிடப் பேரூராட்சியின் நிலை நலிந்தது. ஊராட்சியில் வாக்காளர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினர்; அரசமைப்பே அதனை ஏற்கிறது. நகர்ப்புறத்தில் வார்டுக் குழுக்களை அரசமைப்பு கட்டாயமாக்குவது மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள இடங்களில் மட்டுமே. வேளாண்மையைச் சார்ந்து வாழ்ந்துகொண்டே சட்டத்தின் பார்வையில் நகரவாசிகளாகிவிட்ட பேரூராட்சி மக்கள் இவ்விரண்டுக்கும் வெளியே நின்றனர். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமும் அவர்களுக்குப் பொருந்தவில்லை.

இவ்வகைப்பாடு மக்களைக் கேட்டு அமைந்ததுமன்று. 2004இல் தமிழகத்தின் 561 பேரூராட்சிகள் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டன. 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. 2022இல் தேர்தல் நடந்த பேரூராட்சிகளிலும் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை; வார்டு உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தனர். 2011இல் இருந்த நேரடித் தேர்தல் இப்போது இல்லை. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் 2023 ஏப்ரல் வரை நடைமுறையில் இருந்தது என்பது இவற்றுக்கெல்லாம் ஒரு பின்குறிப்பு.

மாவட்ட எல்லைகளின் கதையும் இதுவே. திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் பிரிக்கப்பட்ட அரியலூர் 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007இல் திரும்பவும் தனி மாவட்டமானது. அரசாணையின் வேகத்தில் ஆட்சியர் அலுவலகம் தோன்றும், மறையும். வார்டு வரையறையும் மன்றங்களும் அதன்பின் மெல்லத் தம்மைச் சீரமைத்துக்கொள்ள வேண்டும்.

மறுபக்கம்

அலுவலரைத் தீமையாகவும் மன்றத்தை நன்மையாகவும் பிரித்துவிட முடியாது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய தனி ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தலைவர் பதவியில் நிலைக்க ஆதிக்க சாதியினர் இடமளிக்கவில்லை. வேட்புமனு தடுக்கப்பட்டது, வென்றவர் உடனே பதவி விலக வைக்கப்பட்டார். 2006இல் அங்குத் தேர்தல் நிறைவேறியதில் மாவட்ட நிருவாகத்தின் முயற்சிக்குப் பெரும்பங்கு உண்டு. அம்பேத்கரின் அச்சம் பொய்யன்று என்பதற்கு இவ்வூர்கள் சான்று. ஆனால் ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். இங்கு அலுவலர் செயற்பட்டது மன்றத்தை உருவாக்குவதற்கு. 2016க்குப் பின் அலுவலர் அமர்த்தப்பட்டது மன்றத்தின் இடத்தில்.

பிற நாடுகளில்

பாகிஸ்தானில் அயூப்கான் 1959இல் கொணர்ந்த அடிப்படை மக்களாட்சி முறையில் 80,000 உள்ளூர் உறுப்பினர்களே குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளராயினர். அடித்தள மன்றம் அங்கு அழிக்கப்படவில்லை, படைத்தலைவரின் ஏணியாக்கப்பட்டது. இலங்கையில் வடக்கு மாகாண சபைக்கு 2013இல் முதன்முறை தேர்தல் நடந்தது. 2018 அக்டோபரில் அதன் காலம் முடிந்தபின் ஆளுநரே அதிகாரம் செலுத்துகிறார். அந்நாட்டில் 2023இல் நடந்திருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் நிதியின்மை கூறி ஒத்திவைக்கப்பட்டு 2025 மே 6 அன்று நடைபெற்றது. நைஜீரியாவில் மாநில ஆளுநர்கள் தேர்தலைத் தவிர்த்துத் தற்காலிகக் குழுக்களை அமர்த்தி வந்தனர். அது செல்லாது என்று 2024 ஜூலை 11 அன்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர்கள் வேறு: தனி அலுவலர், ஆளுநர், தற்காலிகக் குழு. மேலிருந்து அமர்த்தப்படுவோர் என்பதில் மூவரும் ஒன்றே.

அடுத்த இடைவெளி

2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. தேர்தல் நடவாத நிலையில் பெரம்பலூர், அரியலூர் உள்ளிட்ட மாவட்டங்களின் கிராம ஊராட்சிகளுக்கு மீண்டும் தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். பூலாம்பாடியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளும் அவற்றுள் அடங்கும். 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற பேரூராட்சி மன்றங்களுக்கோ ஐந்தாண்டு 2027 மார்ச்சில் நிறைவடையும். வார்டு வரையறையும் இட ஒதுக்கீட்டுச் சுழற்சியும் அதன்மீது எழக்கூடிய வழக்குகளும் அந்நாளுக்கு முன்பே தீர்க்கப்பட்டாக வேண்டும். இப்பணிகளைப் பதவிக்காலத்தின் இறுதி ஆண்டுக்கு முன்பே தொடங்கி முடிக்குமாறு மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் அரசுக்கும் கால அட்டவணை விதிக்கும் சட்டப்பிரிவு எத்தகையதாக இருக்க வேண்டும் என்பது, இடைவெளி நேர்ந்த பின்னன்றி, இப்போதே ஆராயப்பட வேண்டிய வினா.